பியற்றிஸின் தோட்டாக்கள்

சவுத்தால்
12 மார்ச் 1989

அன்புத் தங்கச்சி பியற்றிஸுக்கு,

நேற்று நான் பேசி முடிக்கும் முன்பே ரெலிபோனை வைத்துவிட்டாய். "கத்தினால் வைப்பன் அண்ணை. எழுதினால் கடைசி வரி வரைக்கும் வாசிப்பன்" என்றாய். பாண் தொழிற்சாலையில் மாவு அள்ளுகிற கை இது, எழுதிப் பழக்கம் விட்டுப்போயிற்று. இருந்தாலும் எழுதுகிறேன். நீ சொன்ன சொல்லைக் காப்பாற்று.

மேரிறோஸின் பிள்ளையின் ஞானஸ்நான விருந்தில் நீ செய்தது சரியா? அந்த மனுசி சும்மா மரியாதைக்குக் கேட்டாள், "இப்ப எங்க வேலை, பியற்றிஸ்?" என்று. கடையில் வேலை என்று சொல்லியிருக்கலாம். பொய்யும் இல்லை. நீ என்ன சொன்னாய்? "துவக்குக் கடையில. தோட்டா நிரப்பிறன்" என்று சபைக்குக் கேட்கச் சொன்னாய். தட்டில் இருந்த ரோல்ஸைக் கடித்தவர்கள் மெல்லவும் மறந்து உன்னைப் பார்த்தார்கள். நான் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

நீ மன்னாரில் கன்னியர்மடப் பாடசாலையில் கெமிஸ்ட்ரி படிப்பித்தவள். படிக்கவென்று லண்டனுக்கு வந்தவள். கடைசியில் கையில் எடுத்த தொழில் இதுதானா? எங்கள் தம்பி சூசைதாசன் சைக்கிளில் சந்தைக்குப் போன இடத்தில் சுடுபட்டுச் செத்து இன்னும் நாலு வருசம் ஆகவில்லை. யாருடைய துவக்கு என்று இன்றைக்கு வரைக்கும் ஒருவரும் சொல்லவில்லை. அவன் நெஞ்சில் இருந்து எடுத்ததும் நீ நிரப்புகிற சாமான்தான்.

உன் அண்ணி அஞ்சலீனாவும் மகளும் அங்கே விசாவுக்குக் காத்திருக்கிறார்கள் என்பதையும் யோசி. விண்ணப்பத்தில் லண்டனில் உள்ள உறவு என்று உன் பெயரையும் எழுதியிருக்கிறேன். அவர்கள் விசாரித்தால் நான் என்ன சொல்ல?

விட்டுவிடு, பிள்ளை. கெஞ்சிக் கேட்கிறேன்.

உன் அண்ணன்
கஸ்பர்


மனோர் பார்க்
19 மார்ச் 1989

அன்புள்ள அண்ணைக்கு,

கடைசி வரி வரை வாசித்தேன். இரண்டு தரம்.

சூசைதாசனை எனக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. அவனுக்கு எழுதப் பழக்கியது நான். அந்தக் கடைக்கு வேலைக்குப் போன முதல் நாளே அவனை நினைத்தேன். பெட்டியில் இருந்த ஒரு தோட்டாவைக் கையில் எடுத்து, இவ்வளவு சின்னதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு பெட்டியை மூடித் தள்ளிவைத்தேன். கடைக்காரர் ஹார்வுட், "வேண்டாம் என்றால் நீ கணக்கு வேலையை மட்டும் பார்" என்றார். ஒரு மாதம் கணக்குத்தான் பார்த்தேன். பிறகு எனக்கு ஆத்திரம் வந்தது. என் தம்பியைக் கொன்ற சாமானைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, அதைக் கண்டால் நடுங்குவதுதான் என் பங்கு என்று யார் தீர்மானித்தது?

நான் செய்வது என்ன என்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. சொல்கிறேன். ஜெர்மனியிலும் ஒஸ்ரியாவிலும் எழுபது எண்பது வருசத்துக்கு முன் வேட்டைக்கென்று செய்த துவக்குகள் இருக்கின்றன. நடுவில் மடித்துத் திறந்து தோட்டாவைப் போடவேண்டும். அந்தத் தோட்டாவின் அடியில் பித்தளை விளிம்பு ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வெடித்த பிறகு வெற்றுப் பித்தளைக் கோதை அந்த விளிம்பில் பிடித்துத்தான் துவக்கு வெளியே தள்ளும். இந்த அளவுத் தோட்டாக்கள் பலவற்றை இப்போது எந்தத் தொழிற்சாலையும் செய்வதில்லை. அதனால் பழைய கோதுகளைக் கழுவி, அளவுக்கு அமுக்கி, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, நுனியில் ஈயச் சன்னத்தைப் பொருத்தி, ஒவ்வொன்றாகக் கையால் செய்யவேண்டும். ஒரே அளவு என்று பெயர் பொறித்திருந்தாலும் இரண்டு துவக்கு ஒன்றுபோல் இராது. ஒன்றுக்குச் சரியானது மற்றதில் இறுகும்.

பழைய இரும்பு. மருந்து மிஞ்சினால் துவக்கு வெடித்து, வைத்திருப்பவனின் முகத்தைக் கொண்டுபோய்விடும். அதனால் தராசில் எனக்குச் சின்னச் சந்தேகம் வந்தாலும் அன்று செய்த அத்தனையையும் பிரித்துக் கொட்டிவிடுவேன். ஹார்வுட் புறுபுறுப்பார். கொட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன்.

இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது, அண்ணை. லண்டனுக்கு வந்த பிறகு என் உச்சரிப்பை ஒருவரும் திருத்தாத இடம் தோட்டா நிரப்பும் அந்த மேசைதான்.

இன்னொன்று. போன வருசம் வந்த புதிய துவக்குச் சட்டத்தோடு ஹார்வுட்டுக்கு அலுத்துவிட்டது. கடையை மூடிவிட்டு வேல்ஸுக்குப் போகிறார். இயந்திரங்களை என்னிடம் தருகிறார். இவ்வளவு காலமும் துவக்கு வியாபாரி என்ற அவருடைய பதிவின் கீழ் வேலையாளாக இருந்தேன். இனி என் பெயரில் பதியச் சொல்லிப் பொலிசுக்கு விண்ணப்பித்திருக்கிறேன்.

அண்ணியின் விசாவுக்கு நான் இடைஞ்சல் என்றால் என் பெயரை வெட்டிவிடுங்கள். கோபிக்கமாட்டேன். ஆனால் கடையில் வேலை என்று மொட்டையாகச் சொல்லமாட்டேன்.

பியற்றிஸ்


சவுத்தால்
4 யூன் 1989

தங்கச்சி,

துவக்குக்குப் பின்னால் நிற்பவனின் முகத்தைப் பற்றி நன்றாகக் கவலைப்படுகிறாய். முன்னால் நிற்பவனைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு சொல் இல்லை. மறுமொழி எழுத மனம் வரவில்லை. இப்போது எழுதவேண்டி வந்துவிட்டது.

போன சனிக்கிழமை இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவரை எனக்குத் தெரியும். பூசை முடிய கோவில் வாசலில் நின்று ஊரில் உள்ள இயக்கத்துக்கென்று காசு சேர்ப்பவர். பெயர் எழுதவில்லை. உனக்கு விளங்கும். மற்றவர் புது ஆள், சிரிக்கவே இல்லை. தேத்தண்ணி குடித்து முடியும் வரை ஊர்க்கதை. பிறகு தெரிந்தவர் சொன்னார்: "அண்ணை, உங்கட தங்கச்சி கெட்டிக்காரியாம். அவவின்ர கைப்பழக்கம் எங்கட ஆக்களுக்கு உதவும். சாமான் ஒண்டும் வேண்டாம். சொல்லித் தந்தாப் போதும்."

"அவ வெள்ளைக்காரற்ற பழைய துவக்குக்கு எல்லோ செய்யிறா" என்றேன்.

"துவக்கு எண்டால் துவக்குத்தானே, அண்ணை" என்றார் சிரிக்காதவர். எழும்பிப் போகும்போது, "உங்கட வைஃப் இன்னும் மன்னாரிலதானே?" என்று கேட்டார். கதவைச் சாத்திய பிறகும் அந்தக் கேள்வி வீட்டுக்குள்ளேயே நின்றது.

கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். வேறு என்ன சொல்ல? இப்போதாவது விளங்குகிறதா? நீ அந்த மேசையை விட்டு எழுந்தால் ஒருவரும் உன்னைத் தேடி வரமாட்டார்கள். பொலிசும் வராது, இவர்களும் வரமாட்டார்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் லாப் வேலை எடு. உனக்குக் கிடைக்கும்.

கஸ்பர்


மனோர் பார்க்
11 யூன் 1989

அண்ணை,

முன்னால் நிற்பது காகிதத்தில் கீறிய வட்டம். சில வேளை மான். ஓம், மான்தான். அதை மறைக்கவில்லை. மனுசன் இல்லை. நிரப்பும் ஒவ்வொரு தோட்டாவும் எந்தத் துவக்குக்கு, எவருடைய கைக்கு என்று எனக்குத் தெரியும். தெரியாத கைக்கு ஒன்றும் கொடுப்பதில்லை. சூசைதாசனைச் சுட்டவனுக்குத் தோட்டா கொடுத்தவன் அப்படி ஒரு கேள்வி கேட்டிருப்பானா?

உங்கள் விருந்தாளிகள் என்னிடமும் வந்தார்கள். நீங்கள் கேட்டுச் சொல்லும் வரைக்கும் பொறுக்கவில்லை. உள்ளே வரவிடவில்லை. வாசலில் நிற்கவைத்துத்தான் கதைத்தேன்.

"அக்கா, இது தமிழருக்குச் செய்யிற கடமை" என்றார் ஒருவர்.

"தம்பி, நான் ஒருத்தருக்கும் சொல்லித் தரமாட்டன். இண்டைக்கும் இல்லை, நாளைக்கும் இல்லை" என்றேன்.

"வெள்ளைக்காரன் மான் சுடச் செய்து குடுப்பியள். சொந்தச் சனத்துக்குச் செய்யமாட்டியள்?"

"என்ர தம்பியும் சொந்தச் சனம்தான். அவனை ஆர் சுட்டது எண்டு விசாரிச்சுக்கொண்டு வாங்கோ. பிறகு கடமையைப் பற்றிக் கதைப்பம்."

சிரிக்காதவர் என்னை ஏறெடுத்துப் பார்த்தார். நானும் பார்த்தேன். அடுத்த வீட்டு வாசலில் மிஸிஸ் படேல் குப்பைத்தொட்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தா. அவர்கள் போய்விட்டார்கள்.

அவர்கள் போன பிறகு கதவை இரண்டு தரம் பூட்டிப் பார்த்தேன். படிக்கட்டில் குந்தியிருந்தேன். பயமில்லாதவள் என்று என்னை நினைக்கவேண்டாம்.

அந்தக் கிழமையே பொலிசின் மறுமொழியும் வந்தது. பதிய முடியாதாம். காரணம், பொதுமக்களின் பாதுகாப்பு. பூர்வீகமும் குடும்பச் சூழ்நிலையும் என்று ஒரு வசனம். குடும்பச் சூழ்நிலை என்றால் சூசைதாசன். செத்தவனையே எனக்கு எதிராக எழுதியிருக்கிறார்கள். ஹார்வுட்டிடம் வேலை செய்த காலம் முழுவதும் நான் ஆபத்து இல்லை. என் பெயர் பலகையில் வரப்போகிறது என்றதும் ஆபத்து ஆகிவிட்டேன்.

இவர்கள் வந்தார்கள் என்பதற்காக நான் மேசையை விட்டு எழும்பினால், அவர்கள் சொன்னது சரி என்று ஆகிவிடும். பொலிஸ் மறுத்தது என்பதற்காக எழும்பினால், அதுவும் சரி என்று ஆகிவிடும். எழும்பமாட்டேன். நீதிமன்றத்துக்குப் போகிறேன். குடும்பத்தில் ஒருவர் வந்து, இவளுக்கு எவரோடும் தொடர்பு இல்லை என்று சாட்சி சொன்னால் நல்லது என்கிறா என் லோயர்.

வருவீர்களா?

பியற்றிஸ்


சவுத்தால்
8 ஒக்ரோபர் 1989

தங்கச்சி,

வரமாட்டேன்.

அஞ்சலீனாவை நொவெம்பரில் கொழும்புக்கு நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். மகளையும் கூட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனையில் ஒரு அறையில் வந்து இருக்கிறாள். இந்த நேரத்தில் துவக்கு, பொலிஸ், நீதிமன்றம் என்று என் பெயர் எங்கேயாவது வந்தால் எல்லாம் முடிந்தது. மகள் என்னைக் கடைசியாகப் பார்த்தபோது அவளுக்குப் பல் முளைக்கவில்லை. இப்போது போட்டோவில் பள்ளிச் சீருடையோடு நிற்கிறாள். என் நிலையில் நீ இருந்தால் வருவாயா?

விண்ணப்பத்தில் உன் பெயரையும் எடுத்துவிட்டேன். நீதான் எடுக்கச் சொன்னாய்.

இனி இதைப் பற்றி எனக்கு எழுதவேண்டாம்.

கஸ்பர்


மனோர் பார்க்
15 ஒக்ரோபர் 1989

அண்ணைக்கு,

சரி. வரவேண்டாம். உங்கள் நிலையில் இருந்தால் என்ன செய்வேன் என்று எனக்கும் தெரியவில்லை.

வெட்டச் சொன்னது நான்தான். இருந்தாலும் நீங்கள் வெட்டிவிட்டேன் என்று எழுதியதை வாசித்தபோது வலித்தது. அதையும் எழுதிவிடவேண்டும் என்று எழுதுகிறேன்.

வழக்கு பெப்ரவரியில். தனியாக நிற்பேன். அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

பியற்றிஸ்


சவுத்தால்
29 டிசெம்பர் 1989

பியற்றிஸ்,

அஞ்சலீனாவுக்கு மறுத்துவிட்டார்கள்.

உன்னைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையாம். எங்கள் கலியாணத்தையே நம்பவில்லை. கோவிலின் பழைய பதிவுப் புத்தகம் சண்டையில் எரிந்துபோனதால் பாதர் புதிதாக எழுதிக் கொடுத்ததை, தேவைக்கு எழுதியது என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே "இது உன் புருசன்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டிருக்கிறார்கள். அவள் அழவில்லையாம். "பிள்ளையின்ர மூக்கைப் பாருங்கோ" என்றாளாம். மொழிபெயர்ப்பாளர் அதை மொழிபெயர்க்காமல் விட்டுவிட்டார்.

நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன். ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல், ஒரு இடத்துக்கும் போகாமல், தங்கச்சியின் பெயரையும் வெட்டிவிட்டு நல்ல பிள்ளையாக இருந்தேன். அதற்குக் கிடைத்தது இது.

உன் வழக்கு எந்தத் திகதி, எந்த நீதிமன்றம் என்று எழுது.

அண்ணன்


மனோர் பார்க்
23 பெப்ரவரி 1990

அன்புள்ள அண்ணைக்கு,

சாட்சி சொன்ன கையோடு ஷிப்டுக்கு ரெயின் பிடிக்க ஓடிவிட்டீர்கள். முடிவு கேட்க அன்று இரவு நீங்கள் ரெலிபோன் அடித்தது கேட்டது. நான் வேண்டுமென்றுதான் எடுக்கவில்லை. குரலில் சொன்னால் அழுதுவிடுவேன்.

நீங்கள் வெளியே காத்திருந்தபோது உள்ளே நடந்தது உங்களுக்குத் தெரியாது. முதலில் அதைச் சொல்கிறேன்.

நடுவில் நீதிபதி, இரண்டு பக்கமும் இரண்டு பேர். பொலிசின் சட்டத்தரணி மரியாதையானவர். குரலை உயர்த்தவே இல்லை. மன்னாரைப் பற்றிக் கேட்டார், சூசைதாசனைப் பற்றிக் கேட்டார். "உங்கள் மனதில் பழிவாங்கும் எண்ணம் இல்லையா?" என்றார். "யாரைப் பழிவாங்க? யார் சுட்டது என்று தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள்" என்றேன்.

பிறகு கேட்டார்: "உங்கள் சமூகத்தில் எவராவது இந்த வேலைக்காக உங்களை அணுகியது உண்டா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவர்களிடம் ஆதாரம் இல்லை. என் லோயரின் முகம் வெளுத்துப்போனது. "ஓம். இரண்டு பேர் வந்தார்கள். மாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன்" என்றேன்.

"பெயர்கள்?"

"சொல்லமாட்டேன். ஊரில் என் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். நான் செய்ததைக் கேளுங்கள், சொல்கிறேன். மற்றவர்களைக் காட்டிக்கொடுப்பதற்கு நான் இங்கே வரவில்லை."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மறுமொழி சொல்ல மறுப்பது எனக்குப் பாதகமாகலாம் என்று எச்சரித்தார். விளங்குகிறது என்றேன். அந்த நேரத்தில் எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அப்போதுதான் என் லோயர் எழுந்து, இன்னொரு சாட்சி இருக்கிறார் என்றா. கதவைத் திறந்துகொண்டு நீங்கள் வந்தீர்கள். கலியாணத்துக்குத் தைத்த கோட்டு. பொத்தான் பூட்டுப்படவில்லை. நீங்கள் வருவதை என் லோயர் எனக்குச் சொல்லவே இல்லை, அண்ணை. திகதி கேட்டு எழுதினீர்கள், வருகிறேன் என்று எழுதவில்லை.

அவர்கள் முதலில் உங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்கள் என்று நீங்களாகவே சொன்னீர்கள். தங்கச்சியை வேலையை விடச் சொல்லிக் கேட்டதையும் சொன்னீர்கள். சட்டத்தரணி அதைப் பிடித்துக்கொண்டார். "அப்படியானால் இந்தத் தொழிலை நினைத்து உங்களுக்கே பயம், இல்லையா?"

"ஓம், பயம்" என்றீர்கள். "வந்தவர்களுக்குப் பயம். உங்களுக்கும் பயம். அவளுக்கு ஒருநாளும் பயப்படவில்லை. அவளை நம்பாமல் விட்டது நான் செய்த வேலை."

உங்கள் ஆங்கிலம் உடைந்துதான் இருந்தது. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம், அவர்கள் விட்டுவிட்டுச் சொல்வார்கள் என்றீர்களே! பின்வரிசையில் ஒருவர் சிரித்தார்.

உங்களிடமும் பெயர் கேட்டார்கள். நீங்களும் சொல்லமாட்டேன் என்றீர்கள். நான் உள்ளே என்ன சொன்னேன் என்று தெரியாமலே, கிட்டத்தட்ட அதே வார்த்தைகள். நீதிபதி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது குடும்பத்தில் உள்ள குணம் போலிருக்கிறது" என்றார்.

பின்னேரம் தீர்ப்பு. பிடிபடாமல் தானாகவே உண்மையைச் சொன்ன ஒருவரை, அதே உண்மைக்காக ஆபத்தானவர் என்று சொல்லமுடியாது என்றார். பதியும்படி உத்தரவு. பொலிஸ் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார். வரட்டும். பார்க்கட்டும்.

கடை ஒரு தச்சுப்பட்டறைக்குப் பின்னால் உள்ள சின்ன அறை. பெயர்ப்பலகை நேற்று பூட்டியாகிவிட்டது. என் முழுப் பெயரும் இருக்கிறது.

இனி உங்கள் வழக்கு. விசா மறுத்தாலும் மேன்முறையீடு இருக்கிறது. என் லோயரிடம் பேசிவிட்டேன். இந்த முறை நீங்கள் மாட்டேன் என்றால் நான் ரெலிபோனில் கத்துவேன்.

தங்கச்சி
பியற்றிஸ்


சவுத்தால்
21 ஒக்ரோபர் 1990

அன்புத் தங்கச்சி,

நேற்று விமான நிலையத்தில் அஞ்சலீனாவையும் மகளையும் வரவேற்றுவிட்டு நீ கையசைத்துப் போன பிறகு நடந்ததை உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. ரெலிபோன் மேசையில்தான் இருக்கிறது. ஆனால் இதை எழுதத்தான் வேண்டும்.

இந்த வருசம் எப்படிப் போனது என்று உனக்குத் தெரியும். உன் தீர்ப்புக்கு அடுத்த கிழமை என் முன் ஜன்னலுக்குக் கல் விழுந்தது. கண்ணாடி போட்டேன். திரும்பவும் விழுந்தது. திரும்பவும் போட்டேன். கோவில் வாசலில் காசு சேர்ப்பவர் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்புவார். நான் வேண்டுமென்றே கிட்டப் போய் "தோத்திரம்" சொல்லிவிட்டுப் போவேன். யூலையில் நீ மேன்முறையீட்டில் வந்து சாட்சி சொன்னாய். தொழில் என்ன என்று கேட்டதற்கு நீ சொன்ன மறுமொழியில் அந்த அதிகாரி பேனையைக் கீழே வைத்துவிட்டார். அன்றைக்கு நான் என் சப்பாத்தைப் பார்க்கவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, மகள் நித்திரையான பிறகு, அஞ்சலீனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த இரண்டு பேர் வந்ததை, "உங்கட வைஃப் மன்னாரிலதானே" என்று கேட்டதை, அவளுக்காகவே உனக்கு வரமாட்டேன் என்று எழுதியதை. இவ்வளவு காலமும் அவளிடம் மறைத்துவைத்திருந்தேன்.

அவள் மகளின் போர்வையைச் சரிசெய்துகொண்டே கேட்டாள். பிறகு, "என்னட்டையும் வந்தவங்கள்" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

"போன வருசம் யூனில. மன்னார் வீட்டுக்கு வந்து, மச்சாளுக்குக் கடிதம் எழுதச் சொன்னவங்கள். நாங்கள் பத்திரமா இருக்கவேணும் எண்டால் அவவைச் சொல்லித்தரச் சொல்லி எழுதட்டாம். பேப்பரும் பேனையும் அவங்களே கொண்டு வந்தவங்கள்."

"நீ என்ன செய்தனி?"

"எழுதேலாது எண்டன். அவவின்ர கை அவவின்ரதான், நான் ஆர் அதை எழுதிக் குடுக்க எண்டு கேட்டன். பிள்ளையைக் கையில பிடிச்சுக்கொண்டுதான் கேட்டன். கொஞ்ச நேரம் நிண்டு பாத்திட்டுப் போயிட்டாங்கள்."

"ஏன் எனக்கு எழுதேல்ல?"

"எழுதினா நீங்கள் பயந்துபோய் மச்சாளை நிப்பாட்டியிருப்பியள்."

நான் அவளைக் காப்பாற்றுகிறேன் என்று உன்னை வாயை மூடச் சொல்லிக்கொண்டிருந்தேன். அங்கே அவள், பெட்டி போன்ற ஒரு வீட்டில் தனியாக, பிள்ளையோடு நின்று, உன்னைக் காப்பாற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு இங்கே குளிர் ஒத்துவரவில்லை, பாண் பிடிக்கவில்லை, என் மீசையும் பிடிக்கவில்லை. வேறு ஒரு குறையும் இல்லை. காலையில் எழும்பியதும் கேட்ட முதல் கேள்வி, "மச்சாளின்ர கடைக்கு எந்த பஸ் போகும்?" என்பதுதான். பஸ் இல்லை, ரெயின் மாறி மாறிப் போகவேண்டும் என்றேன். "அப்ப வெளிக்கிடுங்கோ" என்று கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றாள். இன்றைக்கு ஞாயிறு, கடை பூட்டு என்று சொல்லி நிற்பாட்டி வைத்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தோடு நாளைக்கு வருகிறோம்.

உன் அண்ணன்
கஸ்பர்